லக்கேஜ்

தகரத்துக்கு லக்கேஜ் போடணும் என்றேன்.
ரெண்டே தகடு, கோழிக்கூண்டுக்கு,
இதுக்கெல்லாமா என்றார் ஒச்சப்பன்.
(பெயர் பிறகுதான் தெரிந்தது.
அப்போது அவர் வெறும் தகரம்.)
நாகமலையில் தொடங்கிய பேச்சு
செக்கானூரணி வரை ஓடியது.
கட்டமாட்டேன் என்றார்.
அப்போ வழியில் கிடத்தாதீங்க,
நிமிர்த்திப் பிடிங்க என்றேன்.
பிடித்தார்.
அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருமாத்தூர் வேகத்தடை புதுசு.
வெள்ளைக்கோடு இன்னும் அடிக்கவில்லை.
வண்டி குதித்தது, தகரம் சரிந்தது,
அவர் முன்கையில் உதடு பிரிந்த மாதிரி சதை.

டிரைவர் தலைக்குப் பின்னால்
முதலுதவிப் பெட்டி.
எஃப்சிக்குப் போகிற காலையில் மட்டும் நிறையும்;
சாயங்காலம் அதே பஞ்சு, அதே டிஞ்சர்
அடுத்த வண்டியோடு எஃப்சிக்குப் போகும்.
திறந்தேன்:
பல் போன சீப்பு,
ஒரு ஃப்யூஸ்,
விபூதிப் பொட்டலம்,
யாரோ போட்டுவைத்த கலெக்‌ஷன் கணக்கு.

விபூதியையே வையுங்க என்றது ஒரு குரல்.
காப்பித்தூள் என்றது இன்னொன்று.
வாய் கிழித்த பாக்கெட்டும் நீண்டது.
தட்டிவிட்டேன்.

போன ஐப்பசியில் டிப்போவில் அரைநாள் வகுப்பு.
நைட் டூட்டி முடித்துப் போய்
கடைசி பெஞ்சில் தூங்கினேன்.
தூக்கத்தின் ஓட்டை வழியே உள்ளே விழுந்தது மூன்று:
அழுத்து.
உயர்த்து.
தூக்கிப் பார்க்காதே.
நாலாவதாக ஒன்று இருந்தது.
அதற்குள் டீ வந்துவிட்டது.

மூணாவது சீட்டிலிருந்து ஷம்ஷாத்,
குன்னத்தூர் சத்திரத்தில் ஜாக்கெட் தைக்கிறவர்,
பையைப் பிரித்தார்.
கஸ்டமர் லைனிங்ண்ணே, கோடி, பரவால்ல.
ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு;
ஸ்கேல் வைத்த மாதிரி கிழிந்தது துணி.
யார் கல்யாணத்துக்கோ.

கால்வழியில் முட்டி போட்டேன்.
என் தோளில் அவர் முழங்கை,
என் தலைக்கு மேலே அவர் விரல்கள்.
மடித்த துணியை வைத்து
இரண்டு கையாலும் அழுத்தினேன்.
ஊறியது.
விரலிடுக்கில் வெதுவெதுப்பாக வந்தது.

எனக்கு எதையும் தூக்கிப் பார்த்தே பழக்கம்.
சீட்டுக்கடியில் மூட்டை,
கட்டைப்பையில் சேவல்,
பாஸில் ஒட்டிய போட்டோ.
அடியில் என்ன நடக்கிறதென்று தெரியாமல்
கையை எடுக்காமல் இருப்பது
பதினெட்டு வருஷத்தில் நான் செய்யாத வேலை.
தூக்கவில்லை.
அதன் மேலேயே இன்னொரு மடிப்பு.
அதற்கு மேல் சுற்று, சுற்று,
முடிச்சு மட்டும் காயத்துக்கு ஓரமாக.

சின்னமாயன் எங்கும் நிறுத்தவில்லை.
இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போனவர்கள்
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.
ஒருவர் மட்டும் திட்டினார்.
அவர் சொன்னதும் நியாயம்தான்.

விரல் மரத்துப்போச்சுப்பா என்றார் ஒச்சப்பன்,
சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
அப்போதுதான் வந்தது
டீயோடு போன நாலாவது.
அவர் நகத்தை அழுத்தி விட்டேன்.
வெளுத்தது.
வெளுத்தே இருந்தது.
பயத்தில் அத்தனை இறுக்கிவிட்டிருக்கிறேன்.
முடிச்சை ஒரு நூல் தளர்த்தினேன்.
மறுபடி அழுத்தி விட,
மெல்லத் திரும்பி வந்தது ரோஸ் நிறம்,
கரண்ட் போன தெருவில்
ஒரு வீட்டில் மட்டும் லைட் வந்த மாதிரி.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ்
கத்தரியால் துணியை வெட்டினார்.
யார் கட்டியது என்று கேட்கவில்லை.
ஒன்பது தையல், ஒரு ஊசி.

வெளியே வந்து
இடது கையால் மடியை அவிழ்க்கப் பார்த்தார்.
தகரத்துக்கு எவ்வளவு?
ட்ரிப் முடிச்சாச்சு என்றேன்.
பொய்.
மெஷினில் ஏழாம் பொத்தான் மட்டும்
ரத்தம் காய்ந்து அழுந்தவில்லை.

தகரம் வண்டியிலேயே கிடந்தது.
சாக்கு ஒன்று வாங்கிவந்து
விளிம்புக்கு ஒரு சுற்று,
குறுக்கே ஒரு சுற்று,
முடிச்சை ஓரமாகப் போட்டு
அவர் கையில் கொடுத்தேன்,
நல்ல கையில்.