பொறுத்தன்

அன்றைக்கு நான் சொன்னது பிழையில்லை.
பிழையில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சவிரிமுத்துச் சம்மாட்டி கூண்டில் நின்று
"என்ர பாடு போச்சு ஐயா" என்றார்.
உப்புவெளிக்கு வடக்கே
கரைவலை இழுத்த இடம் அது.
இப்போது அங்கே ஹோட்டல் குடைகள்,
நீலத்தில் பதினாறு.
நான் எழுந்து நீதவானுக்குச் சொன்னேன்:
மீன்பிடி உரிமையுள்ள கடற்கரைத் துண்டு, இழக்கப்பட்டது.
அவர் எழுதிக்கொண்டார்.
சம்மாட்டி மட்டும்
மேசைக்குப் போய்ச் சேராத எதையோ தேடுவதுபோல்
என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரங்களில் எனக்கு வேறு வேலை.
நூற்றெண்பது வருடத்துக்கு முன்
டொக்யாட்டில் வள்ளம் செப்பனிட்ட
கில்கிரிஸ்ட் என்ற ஸ்கொட்லாந்துத் தச்சனின் கடிதங்கள்.
வந்த பதினாலாம் மாதம் காய்ச்சலில் போனவன்.
அவன் வழியில் வந்த ஒருத்தி படம் பிடித்து அனுப்புகிறாள்:
தமிழில் வேண்டுமாம்,
அவனைப் புதைத்த மண் வாசிக்கட்டுமாம்.
பக்கத்துக்கு முந்நூறு ரூபா.
மண்ணின் சார்பில் நான் வாசிக்கிறேன்.

மூன்றாம் கடிதத்தில் ஒரு சொல் மறித்தது.
நம் எழுத்தில் போட்டால் 'தோல்'.
இந்த வெயிலைத் தோலுகிறேன், தங்கச்சி.
மழை வரும்வரை தோலுவோம்.
அண்ணன் அங்கே பதினைந்து பேர் முன்
குற்றம் தோல வேண்டுமாமே, மெய்யா?
இன்று வள்ள விளிம்பில் நாலு தோல் அறைந்தேன்,
நல்ல பாலை மரம்.

பழைய ஸ்கொட்ஸ் அகராதியைத் திறந்தேன்.
எழுத்துக்கூட்டவே அவர்களுக்குள் ஒற்றுமையில்லை.
நோவைத் தாங்குவதும் அதே சொல்,
காத்துக் கிடப்பதும்,
வழக்குக்கு முகங்கொடுப்பதும்.
இன்னும் கீழே, சின்ன எழுத்தில்:
நடக்கட்டும் என்று விட்டுவிடுவது.
அங்கே விரல் நின்றது.
தாங்கியவனும் விட்டவனும்
ஒரே வீட்டில் எப்படிக் குடியிருந்தார்கள்?

துடுப்பைத் தாங்கும் அந்த மர முளை
வேறு வேராம், ஒலி மட்டும் ஒன்றாம்.
சரி. நம்புகிறேன்.
ஆனாலும் ஒவ்வொரு வலிப்புக்கும்
கடலின் முழுப் பாரமும் மோதுவது
அந்தச் சாண் கட்டையில்தானே?

நம்முடையது மட்டும் லேசா?
சூரியன் சாய்ந்தால் பாடு.
கண் உறங்கினால் பாடு என்றது பழந்தமிழ்.
"அது உன்ர பாடு" என்றால் கை கழுவியாயிற்று.
பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிப்பதும் பாடுகள்தான்,
அங்கேயும் ஒரு தேசாதிபதி, ஒரு தீர்ப்பு,
கழுவிய கை.
சவிரிமுத்து இதில் எதை இழந்தார் என்று
நான் கேட்கவில்லை.
கேட்பது என் வேலையுமில்லை.

அடுத்த தவணை, புதன்கிழமை.
வெளியே முற்றத்தில் ஒரு புள்ளிமான்
யாருடையதோ சோற்றுப் பார்சலின் தாளை மென்றுகொண்டிருந்தது.
ஹோட்டல்காரரின் வக்கீல் கேட்டார்:
"வேலி போட்டு ஏழு வருடம். வாய் திறக்கவில்லை.
அப்படியென்றால் சம்மதித்தீர்கள்?"
சம்மாட்டி சொன்னது ஒரே சொல்:
"பொறுத்தன்."

நீதவானின் பேனா தூக்கினபடி நின்றது.
தாங்கினார் எனலாம்.
மன்னித்தார் எனலாம், அகராதி அடிக்காது.
விட்டுவிட்டார் என்றும் எனலாம்,
வக்கீல் அதற்குத்தான் காத்திருந்தார்.
தச்சனின் சொல் நாக்குவரை வந்தது,
அந்த மன்றத்தில் அதை வாங்க ஆளில்லை.

"காத்திருந்தார்" என்றேன்.

பேனா இறங்கியது.
சம்மாட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
மிச்சமும் வரும் என்று.