ஐந்தாம் கட்டை

போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் பியானோவில்
கரையான் ஏறிய வருஷம்
மேவிஸ் ரெபெய்ரோவுக்குப் பதினாறு வயது.
நடுவில் ஐந்தாம் வெள்ளைக் கட்டை
அமுக்கினால் உள்ளே போகும். அவ்வளவுதான்.
சனிக்கிழமை நடனத்தில்
அந்த இடம் வரும்போதெல்லாம்
அவளே வாயைத் திறந்து
அந்த ஒற்றை ஸ்வரத்தைப் போட்டாள்.
ஆடிக்கொண்டிருந்த ஃபயர்மேன்களும் கார்டுகளும்
நின்று திரும்பிப் பார்த்தார்களாம்.
பாடகியானது இப்படித்தான் என்று
ஊரெல்லாம் சொல்வாள்.
என்னிடம் மட்டும் ஒருமுறை
"பொய்தான். ஆனா நல்ல பொய்."

நான் சென்னியப்பன், டிரம்ஸ்.
பகலில் சிங்காநல்லூர் மில்லில் ஃபிட்டர்.
ஆயிரம் கதிர் சுற்றும் இரைச்சலில்
பெல்ட் தளர்ந்த ஒரே மெஷினைக்
காதால் கண்டுபிடிப்பவன்.
அதைக் கேள்விப்பட்டுத்தான் தேடி வந்தாள்.
"அந்தத் தளர்ந்த பெல்ட் மாதிரி அடி, சென்.
விழுந்துடும்னு தோணணும்.
விழக்கூடாது."
ஜாஸ் என்பதற்கு
இதற்குமேல் ஒரு விளக்கம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வால்பாறை கிளப்புக்கு நாற்பது கொண்டை ஊசி.
குரியனின் பாஸைத் தார்ப்பாயில் சுற்றி
ஜீப் மேல் கட்டியிருந்தோம்.
ஆழியார் செக்போஸ்டில் டார்ச் அடித்தார்கள்.
"மேல படுத்திருக்கறது யாருங்க?"
மேவிஸ் ஜன்னலில் தலை நீட்டி
"என் புருஷன், குடிச்சுட்டுத் தூங்கறார்" என்றாள்.
தடுப்பு மேலே போனது.
நிஜப் புருஷன் அவளுக்குக் கடைசிவரை அமையவில்லை.

பிறகு பம்பாய். நாலு வருஷம்.
ஒரே இசைத்தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து
ஆறு நிமிஷம் நாற்பது விநாடி.
அங்கே பியானோ சுத்தம், எல்லாக் கட்டையும் பேசும்.
இவள் விரலோ ஐந்தாவதைத் தாண்டிக் குதித்தது.
அந்த இடத்தில் குரல் மட்டும் நிற்கும்,
படிக்கட்டில் ஒரு படி இல்லாத மாதிரி.
அதை அவர்கள் ஸ்டைல் என்றார்கள்.

ஏன் திரும்பி வந்தாய் என்றால்
"தண்ணி சேரலை."
சிறுவாணி குடித்த எவரும் சொல்லும் சாக்கு.
அக்கா பெர்த்திலிருந்து மூன்று முறை தாள் அனுப்பினாள்.
மூன்றும் பியானோ ஸ்டூலுக்கு அடியில்,
உயரம் போதவில்லை என்று.

திருப்பூர் ஓட்டல் லாபி, ஏழு முதல் பத்து.
பனியன் விலை பேசும் ஜெர்மன்காரர்கள்.
சினிமாப் பாட்டு போடச் சொன்னார் மேனேஜர்.
போட்டாள்.
பெற்ற இசையமைப்பாளருக்கே அடையாளம் தெரியாதபடி.
மேனேஜர் தலையாட்டி ரசித்தார்.

நாளில் பாதி கரண்ட் இல்லாத வருஷம் அது.
ஒரு ராத்திரி ஜெனரேட்டருக்கும் டீசல் தீர்ந்தது.
பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்
கீபோர்டு பாதிச் சொல்லில் செத்தது.
ஏசி நின்றது. லிஃப்டுக்குள் யாரோ கத்தினார்.
இவள் நிறுத்தவேயில்லை.
இருட்டில் என் கைகளும் நிற்கவில்லை,
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போல.

தூணோரம் ஒருத்தர்.
சாயப்பட்டறை மூடியதிலிருந்து
தினம் ஒரு லைம் சோடாவோடு வந்து உட்காருவார்.
பாட்டு முடிந்ததும் குரல் மட்டும் வந்தது.
"அம்மணி, அதையே இன்னொருக்காப் பாடுங்."
பாடினாள்.
"இது இல்லீங்."
"இதேதான்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்பச் செரி, மறுக்காப் பாடுங்."
நாலு முறை பாடினாள். நாலும் வேறு.
கரண்ட் வந்தபோது
அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க
நான் சிம்பலைத் துடைத்தேன்.

போன ஐப்பசியில் போத்தனூரில் அடக்கம்.
ஃபாதர் பேசும்போது ஒரு கூட்ஸ் வண்டி,
ஐம்பத்தெட்டுப் பெட்டி. காத்திருந்தோம்.

நேற்று ஓட்டலுக்குப் போனேன்.
பியானோ மேல் பிளாஸ்டிக் ஆர்க்கிட்.
மூடியைத் தூக்கினேன்.
கட்டையெல்லாம் விரல் பட்டு மங்கிக் கிடக்க
நடுவில் ஐந்தாவது மட்டும்
கடையில் வாங்கிய வெள்ளை.
இதில் அது ஒருநாளும் கெட்டதில்லை.

அமுக்கினேன்.
பேசியது.

"சார், தொடக்கூடாதுங்" என்றாள்
ரிசப்ஷன் பெண்.
"ஆமாங்" என்று
விரலை எடுத்துக்கொண்டேன்.