நீல வாளி

வீட்டைக் கட்டிப் பார்த்தாயிற்று.
கல்யாணமும் பண்ணிப் பார்த்தாயிற்று.
போதாதென்று மார்ச் மாதத்தில்
கெத்தின் ஒரு காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான்.
அறுபத்திரண்டாம் வருஷத்து மாரிஸ் மைனர்,
பாசிப்பயறு நிறம்,
மடக்குக் கூரை.

பழைய காரின் கியர்பாக்ஸ் கைவிட்டிருந்தது.
பள்ளிக்கூடம் கைவிடவில்லை, கடை கைவிடவில்லை.
"நாலு பேர் தாராளமாகப் போகலாம்" என்றான்.
நாம் ஐந்து பேர் என்றேன்.
"ஒல்வென் சின்னவள்தானே."
சின்னவள்தான். அவளுடைய இருக்கை
ஒரு நாற்காலி, ஒரு தொட்டி, ஒரு ஹெல்மெட்
மூன்றையும் சேர்த்துச் செய்தது.
பின்சீட்டுக்கு பெல்ட் போடவே
போர்த் மெக்கானிக்குக்கு ஒன்பது நாள்.
துளை போடும்போது கண்ணை மூடிக்கொண்டாராம்.

வேல்ஸில் மழை ஒரு செய்தியே அல்ல.
கூரையை ஏற்ற இரண்டு ஆள், பதினொரு நிமிடம்.
ஒரு குடும்பம் நனைய ஒன்றரை.
டிக்கியில் தள்ளுவண்டி வைத்தால்
உருளைக்கிழங்கு வைக்க முடியாது.
ஒரு வாரம் குழந்தையோடு போனேன்,
ஒரு வாரம் கிழங்கோடு வந்தேன்.
குறுக்குச் சாலையில் நின்றபோது
ஒரு செம்மறி தலையை உள்ளே நீட்டி
ஹெலெத்தின் கம்பளித் தொப்பியை
அவசரமே இல்லாமல் மென்றது.
எதிர்வீட்டு அம்மா ஜன்னல் திரையை விலக்கி
எங்களை எண்ணுவாள், போகும்போது ஒருமுறை,
வரும்போது ஒருமுறை.

நடுப்பிள்ளை மாக்செனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
இரண்டு வயதிலிருந்து
எந்தக் காரில் ஏறினாலும் வாந்தி.
பாட்டி வீட்டு வளைவில், பெட்ரோல் பங்கில்,
ஒருமுறை மாமாவின் கல்யாணக் காரில்,
ரிப்பன் மேலேயே.
பாஸ்போர்ட் மாதிரி ஒரு நீல வாளியை
முழங்கால்களுக்கு நடுவே வைத்துத்தான்
அவன் இந்த நாட்டைப் பார்த்திருக்கிறான்.
இதிலும் வாளியோடுதான் ஏறினான்.

சண்டைக்கு இந்தக் கார் லாயக்கில்லை.
மூடிய காரில் சண்டை
கண்ணாடியில் ஆவியாகப் படியும்,
வீடு வந்தும் இறங்காது.
இதில், ஐம்பது மைல் வேகத்தில்,
"நீ எப்போதுமே" என்று ஆரம்பித்தேன்.
அவன் காதுக்குப் போனது "நீ" மட்டும்.
மிச்சத்தைக் காற்று பிடுங்கி
மலைப்பக்கம் கொண்டுபோய்விட்டது.
"என்ன?" என்று திரும்பினான், சிரித்தபடி,
முடியெல்லாம் நெற்றியில்.
எதற்குக் கோபம் என்று
எனக்கே மறந்துவிட்டது.

அப்படியும் மறக்காதது உண்டு.
மே மாதத்து ஆலங்கட்டி.
பாதியில் சிக்கிக்கொண்ட கூரை.
நாங்கள் ஐந்து பேரும்
ஒரே குடைக்குக் கீழே, சாலையோரத்தில்,
காருக்குள்ளேயே.
ஒல்வென் மட்டும் உள்ளங்கையை நீட்டி
விழுந்த ஐஸைத் தின்றாள்.
அன்றிரவு கணக்குப் போட்டேன்: நவம்பரில் விற்றுவிடலாம்.
கெத்தின் ஒத்துக்கொண்டான்,
முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூலையில் வாளிக்குள் கிளிஞ்சல் கிடந்தது.
ஆகஸ்டில் ஒரு நண்டுக்கால்.
மணலைக் கொட்டிக் கழுவி வைத்தேன்,
வேறெதுவும் யோசிக்கவில்லை.

நவம்பரில் ஆபரிஸ்ட்வித்திலிருந்து
ஒரு இளம் ஜோடி வந்தார்கள்.
அவளுக்கு ஆறு மாதம் இருக்கும்.
அவன் கதவை மூன்று தடவை திறந்து மூடினான்.
பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள்,
எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.
"குடும்பத்துக்கு ஒத்துவருமா?" என்று
கெத்தினைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

உண்மையைச் சொல்லத் தயாரானேன்.
கிழங்கு, செம்மறி, பதினொரு நிமிடம்.
கெத்தின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல வாளி வேண்டாம்" என்றான் மாக்சென்.
அவளிடம் அல்ல,
அவள் வயிற்றிடம்.

அவர்களுக்கு விளங்கவில்லை.
விளக்க நேரமுமில்லை, தூறல் ஆரம்பித்துவிட்டது.
கூரையின் ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறுமுனையைக் கெத்தின்.
வந்தவன் ஓடிவந்து நடுவில் தாங்கினான்.
அவள், நாங்கள் நனைவதைப் பார்த்து,
சத்தமாகச் சிரித்தாள்.
விலையைப் பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.