முப்பத்தொன்று

சிவ்ரி கிடங்கில் மின்விசிறி கிடையாது.
பெட்டிகளின் பக்கவாட்டில் ஒரு குடை,
உடைந்த ஒயின் கிளாஸ்,
மேலே பார்க்கும் அம்பு.
அந்த அம்பைக் கப்பலில் யாரும்
மதித்ததாகத் தெரியவில்லை.

நான் சேதம் எண்ணுகிறவள்.
காப்பீட்டுக் கம்பெனி நாளுக்கு இவ்வளவு என்று தரும்,
டாக்ஸி ரசீது தனி.
படிவத்தில் ஐந்து கட்டங்கள்:
உடைந்தது, விரிசல், விளிம்பு சிதைவு, ஈரம், காணவில்லை.

நான் போவதற்குள் சுடலைமணி
முதல் பெட்டியைப் பிரித்து எண்ணியும் முடித்திருந்தார்.
"அத்தனையும் போச்சு மேடம்.
ஒண்ணுலகூடப் பிடி இல்ல."
தரையில் சாக்பீஸால் நாற்பத்தெட்டு கோடுகள்.
உதிர்ந்த பிடிகளை
வைக்கோல் தாளுக்குள் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜப்பான்ல இதுக்குப் பிடியே வைக்க மாட்டாங்க."
"சுடாதா?"
"கை தாங்குற சூட்டைத்தான் நாக்கும் தாங்கும்னு ஒரு கணக்கு."
தன் கையிலிருந்த கட்டிங் சாய் கிளாஸைப் பார்த்தார்.
விளிம்பில் பெருவிரல், ஆள்காட்டி விரல்.
அந்தோப் ஹில்லில் இருபத்திரண்டு வருஷமாக
அப்படித்தான் பிடித்துக் குடிக்கிறார்.
ஒன்றும் சொல்லாமல்
கோடுகளைச் செருப்பால் அழித்தார்.

எல்லாம் ஜோடி.
பெரியது புருஷனுக்காம், சின்னது பெண்டாட்டிக்காம்,
இறக்குமதி செய்த கெவல்ராமானி போனில் சொன்னார்.
ஒன்று உடைந்தால் இரண்டும் நஷ்டம், பாலிசி அப்படி.
தப்பித்ததையும் சாட்சி வைத்து உடைத்துவிட வேண்டும்,
விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை
சோர் பஜாரில் பாதி விலைக்கு நிற்கும்.
"இன்னொன்று மேடம், பறவைகள் ஒரே மாதிரி இல்லை.
ஒன்றில் ஏழு, ஒன்றில் எட்டு.
அதையும் குறையில் சேருங்கள்."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
அலைகளுக்கு மேலே நீலப் பறவைகள், நகத்தளவு.
முதல் பறவை அடர்நீலம்.
அடுத்தடுத்து வெளிறி
ஐந்தாவதில் தூரிகை வறண்டு
இறக்கை வெறும் கீறல்.
ஆறாவது மறுபடி அடர்நீலம்,
அங்கே கை போய் மையில் தோய்த்து வந்திருக்கிறது.

விரிசலைப் பார்த்து
எந்தப் பக்கம் விழுந்தது, எதில் இடித்தது என்று
பதினெட்டு வருஷமாகச் சொல்கிறவளுக்கு
இதுவும் புரிந்துவிடுகிறது:
இந்தக் கோப்பை காலையில்.
இது பசிக்கிற நேரத்தில்.
இதில் எட்டாவது பறவை தேவையே இல்லை,
இடம் கிடந்தது, போட்டிருக்கிறார்கள்.
ஒரே ஒரு சின்னக் கோப்பையில்
எல்லாம் இடப்பக்கம் பறக்க
ஒன்று மட்டும் வலப்பக்கம்.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'வரைவில் குறை ஏதுமில்லை' என்று எழுதினேன்.
கெவல்ராமானி சிந்தியில் கத்தினார்,
பிறகு எனக்குப் புரியட்டும் என்று இந்தியிலும்.

அந்தச் சின்னக் கோப்பையின் பெரியது
பெட்டியின் அடியில் தூளாகக் கிடந்தது.

நாலு மணிக்குச் சுத்தியல் வந்தது.
துணை இழந்த கோப்பைகள் முப்பத்தொன்று.
கோணியில் சுருட்டி, ஒன்றுக்கு ஓர் அடி.
"தள்ளி நில்லுங்க மேடம், கண்ணுல தெறிக்கும்."
வாசலுக்குப் போய் நின்றேன்.
கடல் உள்வாங்கிய சேற்றில் ஃபிளமிங்கோக்கள்,
சிலது நல்ல ரோஜா நிறம், சிலது
துவைத்துத் துவைத்து வெளுத்த மாதிரி.
எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில்
தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

முதுகுக்குப் பின்னால் சத்தத்தை எண்ணினேன்.
வேண்டுமென்று இல்லை, தொழில் பழக்கம்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
அப்புறம் துடைப்பம் தரையில் உரசுகிற சத்தம்.

இன்னொரு சாட்சியான கிடங்கு எழுத்தர் தாண்டேல்
போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.
முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஸ்கோரிலிருந்து கண்ணை எடுக்காமல்
அவரும் போட்டார்.

கேட் வரை சுடலைமணி கூடவே வந்தார்,
டிபன் பையைத் தோளில் மாட்டாமல்
இரண்டு கையாலும் ஏந்தியபடி.
"கொதிக்கக் கொதிக்க ஊத்தினா
தாங்கும்ல மேடம்?"
எது என்று நான் கேட்கவில்லை.