நான்காவது போல்ட்

அடிலெய்டில் நாற்பத்து மூன்று டிகிரி.
முப்பது வயது மாஸ்டாவின் அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.

கண்ணுக்குத் தெரிந்த மூன்றும் கழன்றுவிட்டன.
நான்காவது, கம்ப்ரஸருக்குப் பின்னால்.
கை போகும், பார்வை போகாது.

தடவுகையில் விரலில் இடறுகிறது
ஒரு ஸ்பேனர்.
பன்னிரண்டு எம்எம். கெட்டியாய் எண்ணெய்ப் புழுதி.
எனக்கு முன் எவனோ
இங்கேயே தவறவிட்டுத்
திட்டியிருக்கிறான், என்ன மொழியிலோ.

அதையே மாட்டித் திருப்பினேன்.

சாயங்காலம்
லைசென்ஸ்காரர் வந்து கேஸ் ஏற்றிப் போனார்.
சுவிட்சைப் போட்டதும்
முகத்தில் யூகலிப்டஸ் சருகு, கொஞ்சம் மண்,
அப்புறம்தான்
குளிர்.

“கூரை திறந்து ஓட்டுற வண்டிக்கு ஏசியா?”
வேலிக்கு அந்தப்பக்கம் மிர்ஸாத்.

கூரையை இழுத்து மூடினேன்.
மடியில் ஸ்பேனர்.
இருந்த இடத்திலேயே
வைத்திருக்கலாமோ?