இருசப்பன் சொல்லும் வழி

துய்மா வீதியில் ஏழு மணி வரைதான் அனுமதி.
நகராட்சிச் சீட்டை டேப் போட்டு
மானிட்டர் முதுகில் ஒட்டியிருக்கிறார்கள்.
மஞ்சள் சுவரில் வெயில் இறங்குமுன்
பவ்யா தன் கணவன் வீட்டைவிட்டுப்
போய்விட வேண்டும்.

பதினெட்டுக் கிலோ என் மார்பில் தொங்குகிறது.
அவள் முன்னோக்கி நடப்பாள்.
நான் அவள் முகத்தைப் பார்த்தபடி
பின்னோக்கி.
என் பெல்ட்டை இருசப்பன் பிடித்திருக்கிறான்.
தெருவை அவன்தான் பார்க்கிறான்.
"மேடு" என்பான். "நாய் படுத்திருக்கு" என்பான்.
"ஸ்கூட்டி, இடது தோளு" என்பான்.
பதினாலு வருஷமாக
என் முதுகுக் கண்ணுக்கு வில்லியனூர்ப் பேச்சு.

முட்டி மடங்கியே இருக்க வேண்டும்,
விளிம்பு வரை ஊற்றிய டீயை
மாடிக்கு எடுத்துப் போகிறவன் மாதிரி.
குதிகாலுக்கு முன் விரல்கள் தரையைத் தொட வேண்டும்.
மூச்சு? அது ஷாட் முடிந்தபின்.
அவள் ஓரடி வைத்தால் நானும் ஓரடி;
ஃபிரேமில் அந்த முகம்
பெரிதாகவும் கூடாது, சிறிதாகவும் கூடாது.
இப்படி எடுப்பதில் ஒரு வேடிக்கை:
நடப்பவள் நின்ற இடத்திலேயே நிற்பாள்,
தெருதான் அவளை விட்டுப் போகும்.
கதவு, ஜன்னல், காகிதப்பூ,
பிரெஞ்சில் எழுதிய பெயர்ப்பலகை
ஒவ்வொன்றாய் அவள் காதோரம் கழன்று
பின்னால் சிறுத்துக்கொண்டே போகும்.
யார் யாரை விட்டுப் போகிறார்கள் என்று
டைரக்டரிடம் கேட்கக் கூடாது.

முதல் டேக்கில் ஃபேஷன் ஷோவுக்கு நடந்தாள்.
மூன்றாவதில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஐந்தாவதில்
செருப்புக்குள் ஒரு கொண்டைக்கடலை போடச் சொன்னார்கள்,
வலி நடையில் தெரியுமாம்.
தெரிந்தது.
கடலை குத்திய நடை.
எட்டாவது முடிந்ததும் அவளே கேட்டாள்:
"நான் வீட்ல எப்படி நடப்பேன்?"
மேக்கப் போடும் லூர்துமேரி யோசித்துவிட்டு
"பார்த்ததில்லையே" என்றாள்.

தூங்கு என்றதும் ஓடிவிடும் தூக்கம்போல்தான்
நட என்றதும் நடை.

பதினோராவது டேக். ஆறு ஐம்பது.
ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து
ஒருத்தி திரும்பினாள்.
இரவு ட்யூட்டி முடித்த நர்ஸ்.
வார் அறுந்த செருப்பைப்
பெருவிரலால் கவ்வி இழுத்துக்கொண்டு,
டிபன் பையை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு.
எங்கள் லைட், எங்கள் கூட்டம்,
"ஆள்! ஆள்!" என்ற கத்தல்
எல்லாம் அவளுக்கு வழியில் கிடந்த கல்.
சுற்றிப் போனாள்.

எனக்கு என்ன ஆனதோ.
கேமரா இழுத்துவிட்டது என்று
பிறகு பொய் சொன்னேன்.
பவ்யாவைச் சுவரோரம் விட்டுத் திரும்பி
அந்த நர்ஸின் பின்னால் நடந்தேன்.
முன்னோக்கி.

முதுகை எடுக்கையில் இடைவெளி முக்கியம்.
நெருங்கினால் துரத்தல்,
விலகினால் வேவு.
நான்கடி விட்டேன்.
அவிழ்ந்த கொண்டை,
யூனிஃபார்மில் நாற்காலி மடித்த கோடுகள்,
சரக், சரக் என்று அந்தச் செருப்பு.
முனைக் கம்பம் வரை பதினேழு நொடி.
என்.ஜி. என்று எழுதிய கார்டில்
இப்போதும் கிடக்கும்.

பெல்ட்டை விடவில்லை இருசப்பன்.
என் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாமல்
பின்னால் ஓடிவந்தான்.
"அண்ணே" என்றான் மூச்சு வாங்க,
"முன்னாடி நடந்தா
நான் என்னாத்த சொல்றது?"

"பள்ளம்" என்றேன்.
தாண்டினான்.