பிறிச்சுக்குப் பின்னால் கடல்

எட்மன்டன், ஜூன். இரவு பதினொன்றுக்கும்
வானத்தின் விளிம்பில் வெளிச்சம் மிச்சம்.
கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டு நான் வர
தர்மினி உறங்கியிருப்பாள்.
நான் எழும்புகையில் அவள் சலவைக்கூடத்தில்
ஆஸ்பத்திரி விரிப்புகளை இயந்திரத்துள் தள்ளிக்கொண்டிருப்பாள்.
ஆகவே எங்கள் பயணத்தைச்
சமையலறைச் சுவரில்தான் பேசினோம்.
மேற்குக் கனடா முழுவதும் ஒரே தாள்.
அவளுக்குப் பச்சைப் பேனா, எனக்கு நீலம்.

சுவரைவிடத் தாள் அகலம்.
மேற்கோரத்தைப் பிறிச்சுக்குப் பின்னால் செருகிவிட்டோம்.
பிரின்ஸ் ரூப்பர்ட்டும் அதற்கப்பால் பசிபிக்கும்
தூசியிலும் மோட்டாரின் இளஞ்சூட்டிலும் கிடந்தன.

முதல் வாரம் எனக்குப் பேராசை.
ஐந்து அருவி, இரண்டு பனியாறு,
பிறகு மேற்கே, மேற்கே, இன்னும் மேற்கே,
நீலக் கோடு பிறிச்சில் போய் முட்டி நின்றது.
விடிய எழும்பிப் பார்த்தால் பச்சை:
'அருவி ஒண்டு போதும்.
எட்டு மணித்தியாலம் தண்ணிச் சத்தத்துக்குள்ளதான் நிக்கிறன்.'

நான்கு அருவிகளை வெட்டினேன்.
அதபாஸ்கா மட்டும் தப்பியது.

அவளுக்கு ஏழு நாள் லீவு, எனக்குப் பத்து.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம்
நாலே நாள்.
ரூப்பர்ட் போய்த் திரும்ப மூவாயிரம் கிலோமீற்றர்.
நான் கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்,
நித்திரையைக் கழித்தும் பார்த்தேன்.
'பனியாறோ கடலோ?' என்று நீலத்தில் கேட்டேன்.
'கடல் ஒரிடமும் போகாது.
பனிதான் போய்க்கொண்டிருக்கு.'
இரண்டாம் வரிக்குக் கீழே இரண்டு கோடு.

ஜாஸ்பரில் பெற்றோல் நிரப்ப வேண்டும், நீலம்.
கரடி மருந்து யாரிடம், பச்சை.
கஜரூபன் பெட்டி தருவான், ஐஸ் நாம்தான் வாங்கவேண்டும், நீலம்.
'பனி பாக்கப் போறதுக்குப் பனி வாங்கிக்கொண்டு போறம்',
பக்கத்தில் பச்சையில் ஒரு சிரிக்கும் முகம்,
பல் முழுவதும் தெரிய.

பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை:
'ஹின்டன் தாண்டினா நான் ஓடுறன்.'

பதினொரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓடுகிறேன்.
பாலத்தில் வானவில் என்று பின்னால் ஆரவாரிப்பார்கள்.
ஆற்றங்கரையில் மான் என்று ஒரு பிள்ளை கத்தும்.
நான் கண்டது கண்ணாடியில் அவர்களுடைய முகங்களை,
எல்லாம் ஒரே பக்கம் திரும்பியபடி.
'உனக்கு மலைப்பாதை பழக்கமில்லை' என்று எழுதினேன்.
அடுத்த நாள் அதன் கீழே:
'உனக்குச் சும்மா இருக்கப் பழக்கமில்லை.'

பேனாவை மூடிவைத்தேன்.
அதன்பிறகு வரைபடத்தில் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

புறப்படுவதற்கு முந்தின இரவு
பெட்டிக்குள் ஐஸைக் கொட்டும்போது ஒரு துண்டு வழுக்கி
பிறிச்சடியில் ஓடியது. குனிந்தேன்.
தரையில் கீறல். புதுக் கீறல்,
ஆள் தனியாக இழுத்தால் வருவதுபோல் கோணல்.

நானும் இழுத்தேன், சத்தம் வராமல்,
அறையில் அவள் புரண்டு படுக்கும்வரை நின்று, மறுபடி இழுத்தேன்.
தூசி. யாரோ தூசியைத் துடைத்த தடம்.
ஹைடா குவாய், தீவுகள், ரூப்பர்ட் துறைமுகம்,
துறைமுகத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம்,
வட்டத்துக்குள் ஒரு சொல்:
பேந்து.

எந்த வாரம் எழுதினாளோ தெரியாது.
கடல் வேண்டாம் என்றதற்கு முன்னமோ பின்னமோ.
ஐஸ்துண்டு அதற்குள் தண்ணீராகிவிட்டது.
காலுறையால் ஒற்றி எடுத்தேன்.

பிறிச்சைத் திருப்பித் தள்ளும்போது
முழுதும் தள்ளவில்லை.
ஒரு சாண் விட்டேன்.